பேர வாவியைச் சுற்றி: ஒரு மட்டக்களப்பானின் கொழும்பு நாட்குறிப்பு

வியாழன்

கொழும்புக்கு வந்த வேலை ஒரு கையெழுத்து. அதை வைக்க வேண்டியவர் திங்கட்கிழமைதான் கந்தோருக்கு வருவாராம். அதுவரை வெள்ளவத்தையில் மாமி வீட்டு விறாந்தையில் குந்திக்கொண்டு ரீவி பார்ப்பதா, வெளியே கிளம்புவதா என்று யோசித்து, கிளம்பிவிட்டேன். எங்கே போவது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. மட்டக்களப்பில் கொஞ்சக் காலமாக வாவிக்கரையைப் பற்றித்தான் பேச்சு. நடைபாதை, படகுச் சவாரி, கரையோர ஹோட்டல்கள். யாராவது மறுத்துப் பேசினால், "கொழும்பப் போய்ப் பாருங்க" என்கிறார்கள். சரி, பார்த்துவிடுவோம்.

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கடலை ஒட்டியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, அப்புறம் கொம்பனித்தெரு. இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் பேர வாவி. கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

நிறம் பச்சை. படமெடுத்தால் அழகாகத்தான் விழும். கரையில் நின்று குனிந்து பார்த்தால், தண்ணீர் முழுக்கப் பாசி கலந்து கிடக்கிறது. மைக்ரோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. கழிவோடு வரும் பொஸ்பரசும் நைதரசனும் அதற்கு உரம். பகலில் வெயில் பட்டு ஒட்சிசனை வெளியே விடும்; இரவில் அதுவும் மீன்களோடு சேர்ந்து ஒட்சிசனை இழுக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட தண்ணீரில் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில். ஆழம் ஏறக்குறைய 2 மீற்றர்தான். ஓட்டமும் குறைவு. உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கும்.

அப்படியிருந்தும் கூழைக்கடாக்கள் கூட்டமாக இருக்கின்றன. நீர்க்காகங்கள், கொக்குகள், கல் இடுக்கில் ஒரு கபரக்கொய்யா. அன்னப் படகுகளில் சோடி சோடியாக இருந்து மிதிக்கிறார்கள். இந்த மணத்தில் எப்படி முடிகிறது என்று தெரியவில்லை. காதலுக்குக் கண்ணோடு மூக்கும் இல்லை போலிருக்கிறது.

கங்காராமை விகாரைக்குச் சொந்தமான சீமா மாலகய வாவிக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்கு மேல் மூன்று மேடைகள், மரச் சட்டங்கள், நீல ஓடுகள். 1976இல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. பணம் கொடுத்தவர் மூசாஜி என்ற முஸ்லிம் வர்த்தகர். அங்கே கொஞ்ச நேரம் இருந்து சுற்றிப் பார்த்தால், வாவியைச் சுற்றி எழும்பியிருக்கும் மாடிகள் எல்லாம் தெரியும். இரண்டு மாடிகளில் ஒன்று மற்றதன்மேல் சாய்ந்து நிற்கும் அல்தெயர் கட்டடம்தான் முதலில் கண்ணை இழுக்கும். இந்தப் பக்கம் வீடு விற்கிறவர்கள் எல்லோருக்கும் 'வாவிக் காட்சி' ஒரு விற்பனைச் சரக்கு. அப்படியானால் வீட்டு விலையில் ஒரு பங்கு இந்தத் தண்ணீருக்கான விலை. அந்தப் பங்கு தண்ணீருக்குத் திரும்பி வருகிறதா? கையெழுத்து கிடைக்கும்வரை இதைத்தான் விசாரித்துத் திரியப் போகிறேன்.

படுக்கப் போகுமுன் ஒரு சரித்திரத் துண்டு. இந்த வாவி போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையின் காவலுக்காகத் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது, ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். 1587இல் சீதாவக்கை இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டபோது, கால்வாய் வெட்டி இந்த ஏரியை வடியவைத்தான். அவன் கோட்டையைப் பிடிக்கவில்லை, ஏரியும் திரும்ப நிரம்பிவிட்டது. ஒரு காலத்தில் ஏறக்குறைய 165 ஹெக்டேயராக இருந்த வாவி இன்று 65 ஹெக்டேயர் அளவில்தான் மிச்சம். பகைவன் வடித்தது திரும்பி வந்தது. சொந்தக்காரர்கள் மண் போட்டு நிரப்பியது வரவில்லை.

வெள்ளி

ஜும்மா நேரத்துக்கு முன்பே கொம்பனித்தெருவைப் பார்த்து முடித்துவிடு என்று மாமி சொன்னார். நான் முடிக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். சந்நிதியில் நின்று நிமிர்ந்தால் கோபுரம். கோபுரத்துக்குப் பின்னால் கண்ணாடி மாடிகள். முன்பெல்லாம் இந்தப் பக்கம் நடந்து வருகிறவர்களுக்கு அடையாளமே கோபுரம்தானாம். இப்போது அது அந்த மாடிகளின் கால்மாட்டில் நிற்கிறது. ஒல்லாந்தர் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் இந்தக் கொம்பனித்தெரு. சுற்றிலும் ஏரி, ஏரியில் முதலை விட்டிருந்தார்கள் என்பது வழிவழிக் கதை. பின்னர் மலாய்ச் சிப்பாய்கள் வந்தார்கள், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் வந்தார்கள். இன்றைக்கும் கூப்பிடு தூரத்துக்குள் பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் எல்லாம் இருக்கின்றன.

பள்ளி முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். எதிரே வந்து இருந்தவர் ஓட்டோ ஓட்டும் நானா ஒருவர். என் பேச்சைக் கேட்டதும், "மட்டக்களப்பா தம்பி?" என்றார். ஏரியைப் பார்க்க வந்தேன் என்றதும் சிரித்துவிட்டார்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் பூந்தோட்டமோ தேயிலைத் தோட்டமோ இல்லை. ஒரு பொதுக் குழாயையும் சில கக்கூசுகளையும் சுற்றி நெருங்கிக் கிடக்கும் சிறு வீடுகள். இப்போது அவர் குடும்பம் வடகொழும்பில் ஓர் அடுக்குமாடியில். தொழுகைக்கு மட்டும் பழைய பள்ளிக்கே வருகிறார்.

"ஏரி நாறுதுன்னா எங்களத்தான் கைகாட்டுவாங்க தம்பி. நாங்க எழும்பிப் போய் எத்தின வருஷம்? இன்னும் நாறுதுதானே?"

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே வருடம் இந்தக் கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பிறகு நகரத்தின் பல தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. மாறியதால் நன்மை கண்டவர்களும் உண்டு. நானாவே மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராததைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மாமாவிடம் இருந்தது. அவர் முன்பு கட்டட வேலை மேற்பார்வை பார்த்தவர். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு மலசலக் குழாய்களைப் பற்றி விளக்கினார். மாமி முறைத்தும் நிறுத்தவில்லை.

கொழும்பின் கழிவுக் குழாய்த் தொகுதி பிரிட்டிஷ்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கியது. நகரத்துக் கழிவு பம்பு செய்யப்பட்டு, வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே இந்த வெள்ளவத்தையிலும் நீண்ட குழாய் வழியே கடலுக்குள் போகிறது. மழைத்தண்ணீருக்கு வேறு கான்கள். அவை வாவிக்கும் கால்வாய்களுக்கும் போகும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஆனால் கழிவுக் குழாயைக் கானில் களவாகக் கொழுவிவிடுகிறார்கள். வீடு, கடை, பட்டறை, சாப்பாட்டுக் கடை என்று இதில் ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை. சட்டப்படி குற்றம்தான், ஆனால் மண்ணுக்குக் கீழே கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. குழாய் நூறு வருடப் பழசு, அதன்மேல் ஏறும் மாடிகள் புதுசு.

இதை வைத்துக்கொண்டு வாவியைத் துப்புரவாக்கும் திட்டங்களைப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சேறு வாருவது, தண்ணீருக்குள் காற்று ஊதும் இயந்திரம், மிதக்கும் செடித் தட்டுகள் எல்லாம் தேவையானவைதான். அவற்றைப் படமெடுக்கலாம், திறப்பு விழா வைக்கலாம். கான் கானாகத் திறந்து, எந்தக் கட்டடத்துக் குழாய் எங்கே கொழுவியிருக்கிறது என்று தேடுவதற்கு யார் நாடா வெட்டுவார்கள்? கானில் கொழுவிய குழாய்களை அடைக்காமல் சேற்றை வாரினால் திரும்பவும் சேறுதான் வரும்.

பொறுப்பும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை, துறைமுக அதிகார சபை, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், மத்திய சுற்றாடல் அதிகார சபை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. எங்கள் வாவியும் மட்டக்களப்பு, அம்பாறை என்று இரண்டு மாவட்டங்களுக்குப் பொது. ஆனால் மாரியில் வெள்ளம் ஏறி ஆற்றுவாய் வெட்டுவதா வேண்டாமா என்று வரும்போது, படுவான்கரை விவசாயியும் மீன்பிடிக்கிறவனும் கச்சேரிக்குப் போய் நேருக்கு நேர் சண்டை பிடிப்பார்கள். வயலில் தண்ணீர் நிற்கிறது, வெட்டு என்பான் ஒருவன். இப்போதே வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்பான் மற்றவன். சண்டைதான், ஆனால் இரண்டு பேரும் பேசுவது தண்ணீரைப் பற்றி. பேர வாவிக்கரையில் நான் கேட்டது பெரும்பாலும் நிலத்தைப் பற்றிய பேச்சு.

நானா சொன்ன இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை. அவருடைய மகள் வாவிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை செய்கிறாள். "இந்தக் கட்டடம் வராட்டி என்ட மகளுக்கு வேல எங்க?" என்று அவரே கேட்டார். மாடிகள் வரக்கூடாது என்று எழுத எனக்கு மனமில்லை.

சனி

தாமரைக் கோபுரத்தில் ஏறினேன். 350 மீற்றர் உயரம், 2022இல் பொதுமக்களுக்குத் திறந்தது, வாவியின் கிழக்குத் துண்டின் கரையிலேயே நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் பேர வாவி ஒரே வாவியாகத் தெரிவதில்லை. வீதியும் ரயில் பாதையும் கட்டடமும் வெட்டிப் போட்ட துண்டுகள். அவற்றை இணைக்கும் ஒடுங்கிய வாய்க்கால்கள். மேற்கே கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரம், 269 ஹெக்டேயர். வாவியில் இழந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்ட நிலம்.

இந்த வாவி ஒரு காலத்தில் வேலை செய்த வாவி. கரையோரக் களஞ்சியங்களிலிருந்து தேயிலையும் மற்றச் சரக்குகளும் பாரப் படகில் ஏறி, மதகுக் கதவுகளைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போயின. லொறி வந்ததோடு அந்தப் பிழைப்பு போயிற்று. அதற்குப் பிறகு வாவி எதற்கென்று யாருக்கும் நிச்சயமில்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன். தினகரன் வெளிவரும் லேக் ஹவுஸைப் பத்திரிகைக்காரர்கள் இன்னும் 'ஏரிக்கரை' என்றுதான் சொல்கிறார்கள். அதன் வாசலில் நின்று ஏரியைத் தேடினால் கழுத்துச் சுளுக்கும்.

புறக்கோட்டையில் 2014இல் திறந்த மிதக்கும் சந்தையையும் பார்த்தேன். பலகைப் பாதையும் குட்டிக் கடைகளும் தண்ணீர் மேலே. நல்ல யோசனை, ஆனால் கீழே இருக்கும் தண்ணீரைச் சரியாக்காமல் மேலே கடை போட்டால் யார் வந்து இருந்து சாப்பிடுவார்கள்? அதிக நேரம் நிற்கவில்லை. காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுவிட்டு வீடு வந்தேன்.

ஞாயிறு

மாமாவின் சிநேகிதர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முத்துராஜவெலவுக்கு ஏற்றிப் போனார். கொழும்பைத் தாண்டி வடக்கே நீர்கொழும்பு வரை சதுப்பு, அதன் தலைப்பில் களப்பு. இரண்டும் சேர்ந்து ஆறாயிரம் ஹெக்டேயருக்கு மேல். போபிட்டியவில் படகு எடுத்தோம். பிரிட்டிஷ்காரர் 1800களின் தொடக்கத்தில் வெட்டிய ஹமில்டன் கால்வாய் வழியே போனால், கண்டல் மரங்களுக்கிடையில் மீன்கொத்தியும் செந்நாரையும். மூக்குக்கு ஓய்வு.

படகோட்டி நீர்கொழும்புக்காரர், கத்தோலிக்கர். வீட்டில் சிங்களம்தான். ஆனால் பாட்டி ஜெபம் சொன்னது தமிழில் என்று சொல்லி, பழைய கடற்கரைத் தமிழில் எங்களோடு கதைத்தார். அவர் சொன்ன கட்டுடெல் மீன்பிடியைக் கேட்டு நான் படகிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

களப்பில் வளர்ந்த இறால், வற்று நீரோடு இரவில் கடலுக்குப் போகும். போகிற வாய்க்காலில் கம்பு நட்டு வலை கட்டினால் வந்து விழும். வலை கட்டக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான், எல்லா இடமும் ஒன்றுபோல் படாது. அப்படியானால் யாருக்கு எந்த இடம்? நாலு ஊர்களின் மீனவர் சங்கங்கள் முறை வைத்து நாட்களைப் பிரித்துக்கொள்கின்றன. சங்கத்துக்குள் இடங்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை கிடைக்க வேண்டுமென்றில்லை. ஒல்லாந்தர் காலம்வரை பின்னோக்கிப் போகும் வழக்கம் இது; 1958இல் அரசாங்கமே இதைச் சட்ட ஒழுங்குவிதியாக்கியது. குறை இல்லாமலில்லை. சங்கத்தில் சேரப் பிறப்பும் ஊரும் மதமும் பார்ப்பார்கள், வெளியாளுக்கு இடமில்லை. ஆனாலும் இங்கே பங்கு போட்டது தண்ணீரை. தண்ணீர் கெட்டால் எல்லாப் பங்கும் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தண்ணீருக்கும் இப்போது நெருக்கடி. 1978இல் கட்டுநாயக்கவில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஏக்கலை, ஜா-எல பக்கம் தொழிற்சாலைகள், 2013இல் சதுப்பின் ஓரமாக அதிவேக வீதி, கெரவலப்பிட்டியில் மின் நிலையங்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். 2021இல் முத்துராஜவெலவை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர முயன்றபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை எதிர்த்து நின்றார். படகோட்டிக்கு இதில் சந்தேகமே இல்லை: "வேல வேணும் தம்பி, ஆனா இதுக்குள்ள மண்ணக் கொட்டினா வெள்ளம் எங்க போகும்? வீட்டுக்குத்தான் வரும்."

வெயில் ஏற ஏற அவர் பேச்சும் குறைந்தது. நாங்களும் திரும்பினோம்.

திங்கள்

கையெழுத்து கிடைத்தது. எடுத்த நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

மத்தியானம் பத்தரமுல்லைப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்கா. பலகைப் பாதையில் நடந்தால் சதுப்புக்கு நடுவே போகலாம். இந்தச் சுற்றுவட்டாரச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் இருக்கிறது; பகலில் அதைக் காண்பதற்கு எனக்கு அதிர்ஷ்டம் இல்லை. பக்கத்தில் தியவன்னா. 1982இல் திறந்த பாராளுமன்றத்துக்காகச் சதுப்பைத் தோண்டி உண்டாக்கிய வாவி. 2010 நவம்பர் மழையில் அந்தப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்துக்குள் போனது. அதுவரை சேரியில் வெள்ளம் என்றால் செய்தியில் ஒரு மூலைதான். 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்பு வெள்ளத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அந்த வேலைகளின்போது கணக்குப் பார்த்ததில், பெருவெள்ளத்தில் ஏறக்குறைய 39 வீதத் தண்ணீரை இந்தச் சதுப்புகளே ஏந்திக்கொள்ளும் என்று தெரியவந்தது. இதைச் செய்ய வேறு கட்டுமானம் கட்டினால் என்ன செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. தலைநகரங்களில் இதுதான் முதல்.

ஆனால் அதே சதுப்பின் இன்னொரு பக்கம் மீதொட்டமுல்லை. ஈரநிலத்தில் கொட்டிய குப்பை மலையாகி, 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் கூரைவரை மூழ்கின. அங்கீகாரம் கிடைத்த நகரமும் குப்பை சரிந்த நகரமும் ஒன்றுதான். சதுப்புக்கு விலை உண்டு என்று தெரிந்த பிறகு அதைக் காக்க ஆள் வந்தது. பேர வாவிக்கு வெள்ளம் தாங்கும் கணக்கை யாரும் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. காட்சிக்கு மட்டும்தான் விலை போட்டார்கள். காட்சிக்குத் தண்ணீர் பச்சையாக இருந்தாலும் போதும்.

மாமாவோடு இதைப் பற்றி ஒரு வாக்குவாதம். கரையில் புதிதாக மாடி கட்டுகிறவர்களிடம் கழிவுக் குழாய்க்கென்று தனி வரி வாங்கி, அந்தக் காசை வாவியை விட்டு வெளியே போகவிடாமல் வைக்க வேண்டும் என்றேன். வரி போட்டால் கட்டுகிறவன் வேறு நாட்டுக்குப் போய்விடுவான் என்றார் அவர். வாவி அந்த நாட்டுக்குப் போகாதே மாமா என்றேன். மாமி சிரித்தார், மாமா சிரிக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சீமா மாலகயவுக்குப் போவதென்றால், தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். முத்துராஜவெலவுக்கு விடியவே போங்கள். வெயில் ஏறினால் பறவையும் இல்லை, படகோட்டிக்குப் பேச்சும் இல்லை. கொம்பனித்தெருவுக்கு வெள்ளிக்கிழமையே நல்லது, அவசரப்படாதீர்கள்.

மட்டக்களப்புக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் வாவிக்கரைத் திட்டத்தின் வரைபடத்தை யாராவது பார்த்திருந்தால், ஹோட்டல்களின் கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று அதில் கோடு கீறியிருக்கிறார்களா என்று எனக்கு அறியத் தாருங்கள். நடைபாதைக்கு என்ன நிறக் கல் என்பது எனக்குத் தேவையில்லை.